பெயர் வெட்டிய டம்ளர்

(அன்றாடப் பொருளும் ஒளிப்படமும் பற்றி ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேசைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. நான்தான் வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. ஒரு இனிஷியல், ஒரு பெயர். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. ஏதோ ஒரு விசேஷ வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய எங்கள் டம்ளர் அங்கேயே தங்கிவிட, அதற்குப் பதிலாக இது மாறி வந்திருக்கிறது. எந்த விசேஷம், யார் வீடு என்று அம்மாவுக்கே நினைவில்லை. “உரியவங்க என்னைக்காவது வந்து கேப்பாங்க” என்று தனியாக எடுத்து வைத்திருந்தார். அதில் யாருக்கும் காபி ஊற்றிக் கொடுத்ததில்லை. யாரும் வந்து கேட்கவும் இல்லை.

முப்பது ஆண்டுகளாகப் பொருள்களைப் படமெடுத்துப் பிழைப்பவன் நான். நகைக்கடை விளம்பரத்துக்கு வளையல், மசாலா கம்பெனிக்கு மிளகாய்த்தூள் பாக்கெட், பாத்திரக் கடைக்குக் குக்கர் என்று எவ்வளவோ எடுத்திருக்கிறேன். ஒரு பொருளைப் படமெடுப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது இந்த டம்ளர்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச தூரம் சுற்றிவர வேண்டும்.

ஓவியக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் மாணவருக்கு முன்னால் ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் மடிப்பு விழும்படி துணியைப் போர்த்தி, ஒரு மண்பானை, ஒரு பாட்டில், இரண்டு பழம் வைத்து வரையச் சொல்வார்கள். நாம் எல்லோரும் ‘ஸ்டில் லைஃப்’ என்றே சொல்கிறோம். டச்சுக்காரர்களின் ‘ஸ்டில்லெவன்’ என்ற சொல்லிலிருந்து வந்தது அது. அசையாத உயிர் என்று கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர்கள் அதையே ‘நாத்யூர் மோர்த்’, செத்த இயற்கை, என்றார்கள். தமிழில் நிலைப்பொருள் ஓவியம் என்கிறோம். நம் ‘பொருள்’ என்ற சொல் பண்டத்தையும் குறிக்கும், செல்வத்தையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். இன்றைய பேச்சுக்கு அந்த மூன்றும் வேண்டும்.

இந்த வகை ஓவியத்துக்கு நெடுங்காலம் மரியாதை இருந்ததில்லை. 1667இல் பிரெஞ்சுக் கலைக் கழகத்தின் சார்பில் ஆந்த்ரே ஃபெலிபியன் ஓவிய வகைகளைத் தரவரிசைப்படுத்தினார். வரலாறும் புராணமும் மேலே. பழமும் பூவும் கிளிஞ்சலும் எல்லாவற்றுக்கும் அடியில். மனிதனை வரைபவன் பெரியவன், மனிதன் சாப்பிட்டு மிச்சம் வைத்ததை வரைபவன் சின்னவன் என்ற கணக்கு அது. இன்றும் நம் ஒளிப்படப் போட்டிகளில் பெரும்பாலும் திருவிழா முகங்களுக்கும் காட்டு விலங்குகளுக்கும்தான் பரிசு. சமையலறை அலமாரியை எடுத்தவருக்குப் பரிசு கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஃபெலிபியன் அப்படி வகுத்த அதே நூற்றாண்டில் ஹாலந்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். ஹார்லெம் நகரில் பீட்டர் கிளாஸ் என்ற ஓவியர் 1627இல் வரைந்த விருந்து மேசை ஒன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. வான்கோழி உருவம் வைத்து அலங்கரித்த இறைச்சிப் பணியாரம், சிப்பிகள், ரொட்டி, பாதி தோல் சீவிய எலுமிச்சை, சங்கு போன்ற ஓட்டில் செய்த கிண்ணம். இவற்றுக்கு நடுவே அச்சடித்த தாள் ஒன்றைச் சுருட்டி மடித்த பொட்டலம், அதில் மிளகு. பழைய செய்தித்தாளில் கடைக்காரர் மடித்துக் கொடுத்த பொட்டலத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது கண் அங்கேதான் நின்றது.

அந்த மிளகு சும்மா வந்துவிடவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கியது. அவர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்தது முக்கியமாக மிளகுக்காக அல்ல, துணிக்காக. சோழமண்டலக் கரையில் நெய்த துணியைக் கப்பலேற்றிக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்கே அதைக் கொடுத்துத்தான் மிளகும் பிற வாசனைப் பொருள்களும் வாங்கினார்கள். ஹார்லெம் மேசையின் பொட்டலத்துக்குப் பின்னால் நம் கரையின் தறிச் சத்தமும் உண்டு. பண்டம், செல்வம், அர்த்தம் மூன்றும் அந்தப் பொட்டலத்தில் ஒன்றாகக் கிடக்கின்றன.

இந்த ஓவியங்களுக்கு ஒரு குறியீட்டு அகராதி உண்டு என்று கலை வரலாறு நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மண்டையோடு என்றால் சாவு. அணைந்த திரி என்றால் முடிந்துபோன ஆயுள். திறந்து கிடக்கும் பைக்கடிகை என்றால் ஓடும் காலம். தோல் சீவிய எலுமிச்சை என்றால் பார்க்க அழகு, உள்ளே புளிப்பு. ‘வனிதாஸ்’, அதாவது நிலையாமை என்று அந்த வகைக்கே பெயர். 1983இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் என்ற கலை வரலாற்றாளர் இந்த அகராதிப் பழக்கத்தை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். டச்சு ஓவியர்கள் விடுகதை போடவில்லை, கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி விவரிப்பதே அவர்களுக்குப் பெரிய காரியம் என்பது அவர் வாதம். அவர் கட்சி முழுவதும் சரி என்று நான் சொல்ல மாட்டேன். மேசையில் மண்டையோட்டைக் கொண்டுவந்து வைத்தவர் அது எலும்பாக மட்டும் பார்க்கப்பட வேண்டும் என்று நினைத்திருக்க முடியாது. ஆனால் ஒளிப்படம் என்று வரும்போது நான் ஆல்பர்ஸ் பக்கம்தான் நிற்பேன்.

ஏனென்றால் ஓவியர் ஒரு எலுமிச்சையை வரையும்போது, தான் பார்த்த நூறு எலுமிச்சைகளைச் சேர்த்து ஒன்று செய்யலாம். கேமராவுக்கு அந்த வசதி இல்லை. அன்றைக்கு, அந்த மேசையில், அந்த வெளிச்சத்தில் இருந்த அந்த ஒரு எலுமிச்சையைத்தான் அது எடுக்கும். இதை முதலில் தெளிவாகக் கண்டுகொண்டவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும் முறையைத் தந்தவர். 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக ‘தி பென்சில் ஆஃப் நேச்சர்’ என்ற நூலை வெளியிட்டார். 24 ஒளிப்படங்களைக் கையால் ஒட்டிய நூல். அதன் மூன்றாவது படத்தில் இருப்பது அலமாரித் தட்டுகளில் வரிசையாக அடுக்கிய பீங்கான் கோப்பைகளும் சாடிகளும். அடுத்த படத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள். உலகத்துக்கு ஒரு புதிய கலையை அறிமுகப்படுத்த வந்தவர் தன் வீட்டுப் பாத்திர பண்டத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அந்தப் பீங்கான் படத்துக்கு அவர் எழுதிய குறிப்பில் இரண்டு செய்திகள் உண்டு. இத்தனை பொருள்களையும் ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுத ஆகும் நேரத்தைவிடச் சற்றே கூடுதலான நேரத்தில் கேமரா எல்லாவற்றையும் பதிந்துவிடும் என்பது ஒன்று. நாளைக்கு ஒரு திருடன் இவற்றைக் கொண்டுபோய்விட்டால் இந்தப் படத்தை நீதிமன்றத்தில் சாட்சியாக நிறுத்தலாம், நீதிபதி அந்த ஊமைச் சாட்சியை என்ன செய்வாரோ என்பது இன்னொன்று. கண்ணாடிப் படத்தின் குறிப்பு தொழில் தெரிந்தவர்களுக்கு இனிக்கும். வெள்ளைப் பீங்கானையும் கண்ணாடியையும் சேர்த்து எடுக்காதே, பீங்கான் பதிந்து முடியும்போது கண்ணாடி பதியவே தொடங்கியிருக்காது என்கிறார். 180 ஆண்டுகள் கழித்து நானும் என் உதவியாளரிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாட்சி என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்ல வந்தது அதுதான். ஒளிப்படத்தில் ஒரு பொருள் குறியீடாக நிற்க வேண்டுமானால் முதலில் அது சாட்சியாக நிற்க வேண்டும். முதலில் அது அதுவாக இருக்க வேண்டும். யாருடையது, எதற்குப் புழங்கியது, எங்கே தேய்ந்தது என்று அது சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத பொருளின்மேல் நாம் ஏற்றிவைக்கும் அர்த்தம் ஒட்டாது.

டால்பட்டின் அதே நூலில் ‘திறந்த கதவு’ என்ற படம் இருக்கிறது. திறந்திருக்கும் கதவில் ஒரு துடைப்பம் சாய்ந்திருக்கிறது; பக்கத்தில் குதிரைக் கடிவாளமும் ஒரு லாந்தரும் தொங்குகின்றன. பின்னாளில் வந்த ஆய்வாளர்களில் சிலர் லாந்தர் ஞான ஒளி, கடிவாளம் ஆசையை அடக்குதல் என்றெல்லாம் விளக்கம் சொன்னார்கள். படித்தவர் டால்பட், அவர் மனத்தில் அதுவும் ஓடியிருக்கலாம். ஆனால் அந்தப் படத்தின்முன் நிற்கும்போது என்னைப் பிடித்து இழுப்பது துடைப்பத்தின் நுனி தேய்ந்திருக்கும் விதம். யாரோ இப்போதுதான் வாசலைப் பெருக்கிவிட்டு உள்ளே போயிருக்கிறார். அந்த ஆள் படத்தில் இல்லை, அவர் வேலை இருக்கிறது.

தமிழ்த்துறையின் மேடையில் நின்றுகொண்டு ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நம் இலக்கணத்தில் கருப்பொருள் என்று ஒரு கோட்பாடு இருக்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் உரியதைத் தொல்காப்பியம் பேசுகிறது. உள்ளுறை உவமம் அந்தக் கருப்பொருளிலிருந்துதான் கிளம்ப வேண்டும். நெய்தல் பாட்டில் வரும் நண்டு தலைவனைக் குறிக்கலாம், தலைவியின் மனத்தைக் குறிக்கலாம். அதற்கு முன்னால் அது அந்த மணலில் ஓடும் நண்டாக இருந்தாக வேண்டும். பாலையில் கொண்டுபோய் அதை விட முடியாது. மண்ணுக்குப் பொய்யான பொருளிலிருந்து உட்பொருள் பிறக்காது என்று நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி டால்பட்டிலிருந்து எண்பது ஆண்டுக்கு மேல் தாண்டி வருகிறேன். 1930 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் கார்மெல் ஊரில் எட்வர்ட் வெஸ்டன் குடைமிளகாய்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். சந்தையில் வாங்கும் சாதாரணக் குடைமிளகாய். பின்னணிக்கு வெள்ளைத் துணி வைத்துப் பார்த்திருக்கிறார், பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு பெரிய தகரப் புனலைப் படுக்கவைத்து, அதன் வாய்க்குள் மிளகாயை வைத்தார். புனலின் உள்வளைவில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மிளகாயின் மடிப்புகளுக்குள் எல்லாத் திசையிலிருந்தும் இறங்கியது. பெரிய ஃபிலிம் கேமரா, மிகச் சிறிய அபர்ச்சர், சில நிமிடங்கள் நீளும் எக்ஸ்போஷர். அப்படி வந்ததுதான் ‘பெப்பர் நம்பர் 30’. பார்ப்பவர்களுக்கு அது முதுகு திருப்பி நிற்கும் ஆணாகத் தெரியும், கட்டிப்பிடித்திருக்கும் இருவராகத் தெரியும்.

வெஸ்டன் அந்த விளக்கங்களை ஏற்கவில்லை. மிளகாயில் மனித உடலை ஒளித்துவைத்ததாக மற்றவர்கள் சொன்னபோது, தான் அப்படி எதையும் ஒளித்துவைக்கவில்லை என்றே நின்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உடலைக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தால் மற்ற மடிப்புகளை இருட்டில் விட்டு, உடல்போல் இருக்கும் வளைவை மட்டும் தூக்கிக் காட்டியிருப்பார். அவர் எல்லா மடிப்பையும் சமமாகக் காட்டினார். அழுகத் தொடங்கிய இடம்கூடத் தெரிகிறது. படமெடுத்த காய்கறிகளைச் சமைத்துச் சாப்பிட்டும் விட்டார்கள் என்பதை அவருடைய நாட்குறிப்பிலிருந்து அறிகிறோம்.

வெஸ்டனுடன் 1923இல் மெக்சிகோவுக்குப் போனவர் டீனா மோடொட்டி. இத்தாலியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வெஸ்டனுக்கு நேர் எதிர்: குறியீடுதான் வேண்டும் என்று தெரிந்தே வைத்தார். 1927இல் தோட்டாப் பட்டை, மக்காச்சோளக் கதிர், கிதார் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எடுத்தார். இன்னொரு படத்தில் கிதாருக்குப் பதில் அரிவாள். போராட்டம், உணவு, பாட்டு. சுவரொட்டி போல நேரடியான அர்த்தம். நான் சொன்ன விதிக்கு இது மாறாக இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்கலாம். இல்லை. அந்தக் கதிர் மெக்சிகோ உழவன் தின்னும் கதிர், அந்தப் பட்டை அங்கே புரட்சி நடந்த காலத்தில் தோளில் கிடந்த பட்டை. நிலத்துக்கு உரிய கருப்பொருள் அவை. 1928இல் அவர் கியூபப் புரட்சியாளர் ஹூலியோ அந்தோனியோ மெல்லாவின் தட்டச்சுப் பொறியை மட்டும் படமெடுத்தார். எழுத்துக் கட்டைகள், ரிப்பன், பாதி அடித்த தாள். 1929 ஜனவரியில், மோடொட்டியோடு தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தபோது மெல்லா சுடப்பட்டு இறந்தார். அதற்குப் பிறகு அந்தப் படத்தைத் தட்டச்சுப் பொறியின் படமாக மட்டும் யாராலும் பார்க்க முடியவில்லை. இந்த அர்த்தம் மோடொட்டி வைத்ததல்ல, நாள் செய்தது.

என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானவர் பிராகா நகரத்து யோசெஃப் சூடெக். புத்தகம் கட்டும் தொழில் கற்றவர். முதல் உலகப் போரில் இத்தாலிய முனையில் வலது கையை இழந்தார். ஒரு கையோடு புத்தகம் கட்ட முடியாது. ஒளிப்படத்துக்கு வந்து, கனமான பெரிய கேமராவை ஒரு தோளில் சுமந்துகொண்டு நகரம் முழுக்க நடந்தார். ஒரு கை போதாதபோது பல்லையும் பயன்படுத்துவாராம். பெரிய வீடொன்றின் முற்றத்தில் இருந்த மரக் கொட்டகைதான் அவருடைய ஸ்டுடியோ.

1940 முதல் 1954 வரை, ஜெர்மானியர் நகரைப் பிடித்திருந்த காலம் தொட்டு, அவர் அந்தக் கொட்டகையின் ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். வெளியே வளைந்த ஒரு மரம். கண்ணாடியில் பனி படிந்து வழியும் நீர். ஜன்னல் விளிம்பில் ஒரு பூ, ஒரு ஆப்பிள். போருக்குப் பின் மேசைக்கு வந்தார்: ரொட்டித் துண்டு, ஒரு முட்டை, பட்டை வெட்டிய சாதாரணக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர். பெரிதாக்கும் பழக்கத்தை விட்டு, நெகட்டிவின் அளவுக்கே காண்டாக்ட் பிரிண்ட் போட்டார். அதனால் அந்தப் படங்களில் வெளிச்சம் வாரிக் கொட்டாது, ஊறி வரும். ரொட்டியின் வெட்டுமுகத்தில் ஒவ்வொரு துளையும் தெரியும். குவளையில் தண்ணீரின் மேல்மட்டம் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே பின்னால் இருப்பது ஒடிந்து தெரியும்.

அந்தக் குவளை எதைக் குறிக்கிறது? தூய்மை என்பார்கள், உயிர் என்பார்கள், முட்டை மறுபிறப்பு என்பார்கள். மூன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். போர், ஆக்கிரமிப்பு, அதன்பின் 1948இல் வந்த புதிய ஆட்சி என எல்லாம் கடந்துபோன ஒரு நகரத்தில், ஒரு கை மட்டும் உள்ள ஒரு மனிதர் தன் சாப்பாட்டை மேசைமேல் வைத்து, வெளிச்சம் வந்து சேரும் வரை காத்திருக்கிறார். இதைவிட அதிகமாக ஒரு குவளை எதைச் சொல்ல வேண்டும்?

சாட்சி என்று சொன்னேன். அந்தச் சொல்லின் முழு பாரத்தையும் சுமப்பவர்கள் ஜப்பானியர்கள். 1961இல் ஷோமெய் தோமாட்சு நாகசாகியில் ஒரு கைக்கடிகாரத்தைப் படமெடுத்தார். 1945 ஆகஸ்ட் 9இல் குண்டு விழுந்த 11 மணி 2 நிமிடத்தில் நின்றுபோன கடிகாரம். டச்சு மேசையில் திறந்து கிடந்த அதே கடிகைதான். அங்கே அது காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னது. இங்கே அது ஒரு நிமிடத்தைச் சொல்கிறது, வேறெந்த நிமிடத்தையும் சொல்லவில்லை.

1982இல் ஹிரோமி சுச்சிதா ஹிரோஷிமா நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருள்களை எடுத்தார். அலங்காரம் கிடையாது. வெற்றுப் பின்னணி, நடுவில் பொருள், கீழே சில வரி. அவற்றில் ஒன்று சாப்பாட்டு டப்பா. மூடி விலகியிருக்கிறது, உள்ளே கரி. கீழே இருக்கும் வரிகளைப் படித்தால்தான் தெரியும்: 15 வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. குண்டு வெடித்த மையத்திலிருந்து 500 மீட்டர் தூரத்தில், மாணவர்களைக் கட்டாயமாக ஈடுபடுத்திய தீத்தடுப்பு வேலையில் இருந்தாள். இடிந்து விழுந்த மண்சுவருக்கு அடியிலிருந்து டப்பாவைப் பள்ளிக்காரர்கள் எடுத்தார்கள். உள்ளே இருந்தது பட்டாணியும் சோறும். அந்தப் பஞ்ச காலத்தில் அது விருந்து. சிறுமியின் உடல் கிடைக்கவில்லை.

நான் இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது கரியைப் பார்த்தேன். வரிகளைப் படித்துவிட்டு மறுபடி பார்த்தபோது, காலையில் டப்பாவில் பட்டாணிச் சோற்றை அடைத்து மூடிய கையைப் பார்த்தேன். ஒரு கடலளவு சாவைச் சொல்ல ஒரு வேளைச் சோறு போதுமானதாக இருந்தது.

2007இல் மியாக்கோ இஷியூச்சி அதே அருங்காட்சியகத்துக்குப் போனார். அதற்கு முன் தன் தாய் இறந்த பிறகு அவருடைய உள்ளாடை, உதட்டுச்சாயம், பல்செட் முதலியவற்றை எடுத்து ‘மதர்ஸ்’ என்ற தொடராக 2005இல் வெனிஸ் பியனாலேயில் ஜப்பான் சார்பில் வைத்தவர். ஹிரோஷிமாவில் அவர் எடுத்தது பெரும்பாலும் பெண்களின் உடைகள். கருப்பு வெள்ளையில் எடுக்கவில்லை. வண்ணத்தில், பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவும்படி எடுத்தார். கிழிந்து கருகிய சட்டையில் பூப்போட்ட வேலைப்பாடு பளிச்சென்று தெரிகிறது. சாவை அழகாகக் காட்டலாமா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அவர் செய்தது சரி என்றே படுகிறது. அந்தச் சட்டை சாவுக்காகத் தைத்தது அல்ல. யாரோ ஒரு பெண் துணி தேர்ந்தெடுத்து, அளவு கொடுத்து, ஆசையாகப் போட்டுக்கொண்டது. அதை அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார் இஷியூச்சி.

சாட்சிக்கு ஒரு கடமை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1936 கோடையில் வாக்கர் எவன்ஸ் அமெரிக்காவின் அலபாமாவில் பருத்திக் குத்தகை விவசாயிகளின் வீடுகளைப் படமெடுத்தார். ஒரு படத்தில் சமையலறைச் சுவர் மட்டும்: குறுக்கே ஆணியடித்த ஒரு பலகை, அதன் பின்னால் செருகிய கரண்டிகளும் முள்கரண்டிகளும். இழுப்பறை இல்லாத வீட்டில் இழுப்பறைக்குப் பதில் அந்தப் பலகை. அந்த வீட்டைப் பற்றி எழுதும் எதையும்விட அந்தச் செருகல் அதிகம் சொல்லும். ஆனால் எவன்ஸ் சில பொருள்களை இடம் மாற்றி வைத்து எடுத்தாரா என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். தங்கள் ஏழ்மை புத்தகமாக ஊரெல்லாம் போனதில் அந்தக் குடும்பத்தாரில் சிலருக்கு நீண்ட நாள் மனவருத்தம் இருந்தது. மாணவர்களே, அடுத்தவர் அடுப்படியைப் படமெடுக்கும் முன் அவர்களைக் கேளுங்கள். எடுத்த பிறகு முதல் பிரிண்ட்டை அவர்களுக்குக் கொடுங்கள்.

படமே இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூலைக் கொண்டுவந்தார். தோம்பு என்றால் காணிப் பதிவேடு. போரில் இடம்பெயர்ந்த மக்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்திருக்கிறார்கள். டால்பட் சொன்ன சாட்சி அவர்கள் கையில் இல்லாதபோது பென்சிலால் அதைச் செய்துகொண்டார்கள். அந்த நூலைப் புரட்டும்போது எனக்கு ஒளிப்படக்காரன் என்ற முறையில் குற்ற உணர்வு வரும். எவ்வளவு கேமரா இருந்த காலம் அது, அந்த வீடுகளுக்குள் ஒன்றும் போகவில்லை.

இப்போது டம்ளருக்கு வருகிறேன். எவர்சில்வரைப் படமெடுப்பது எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. அதில் எல்லாம் தெரியும்: ஜன்னல், ஸ்டாண்ட், எடுப்பவனின் வயிறு. ஜன்னலுக்கு ட்ரேசிங் பேப்பர் ஒட்டி, இரண்டு பக்கமும் தெர்மோகோல் நிறுத்தி, லென்ஸ் மட்டும் வெளியே வரும்படி கருப்புத் துணியைக் கட்டிக்கொண்டு எடுக்க வேண்டும். அம்மா இறந்த வருடம் இந்த டம்ளரை அப்படித்தான் எடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டு, பழக்கதோஷத்தில், கீறலை எல்லாம் நீக்கினேன், அடியில் இருக்கும் நசுங்கலை நிமிர்த்தினேன், பெயர் வெட்டிய இடம் வெளிச்சத்தில் பளபளத்ததால் அதையும் மெழுகிவிட்டேன். முடித்துப் பார்த்தால் பாத்திரக் கடைக் கேட்டலாக்கில் இருக்கும் டம்ளர். அம்மா எடுத்து வைத்திருந்தது அது அல்ல. ஒரு மணி நேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டு, ட்ரேசிங் பேப்பரைப் பிய்த்துப் போட்டு, சமையலறை மேடையில் வைத்து, மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது மறுபடி எடுத்தேன். புள்ளிகள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நின்றன. ஒரு எழுத்தில் வெட்டியவரின் கை நழுவியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. டம்ளரின் வளைவில் நானும் கேமராவும் கோணலாகத் தெரிகிறோம். அதையும் விட்டுவிட்டேன்.

2006இல் சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கிப் பிரம்மாண்டமான ஒரு மண்டையோடு செய்தார்; ‘வெரி ஹங்ரி காட்’ என்று பெயர். டச்சு மேசையின் மண்டையோட்டை இந்தியச் சமையலறையால் கட்டிய பெரிய வேலை, அதை மதிக்கிறேன். ஆனால் அங்கே பாத்திரம் ஒரு நாட்டுக்கே பொதுச்சின்னம். எனக்கு ஒரு வீட்டுப் பாத்திரம் வேண்டும். அதில் பெயர் வேண்டும், நசுங்கல் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது ஒரே ஒரு பொருளைப் படமெடுங்கள். அருவாமனை, ஆட்டுக்கல், அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு, தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி, எதுவானாலும் சரி. துடைக்காதீர்கள், பளபளக்க வைக்காதீர்கள், அது எப்போதும் இருக்கும் இடத்திலேயே, அங்கே வரும் வெளிச்சத்திலேயே எடுங்கள். போனிலேயே எடுங்கள், தவறில்லை. ஆனால் பிரிண்ட் போட்டு, பின்புறம் சுச்சிதா எழுதியதுபோல் சில வரி எழுதுங்கள்: யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, எதற்குப் புழங்கியது, இப்போது அவர் எங்கே. பாட்டி உயிரோடு இருந்தால் இன்றே கேளுங்கள்.

இந்த டம்ளர் படத்தின் பின்னால் நான் எழுத முடிந்தது இரண்டு வரிதான். யாருடையது என்று தெரியவில்லை. உரியவர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.